கிணறு வெட்டத் தெரிந்தவனுக்குக் குவாரிச் சுவர் தெரியாதா?



போன கார்த்திகை மழை விட்ட நாலாம் நாள். நம் சங்க உறுப்பினர் ஒருவர் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போனார். வாய்க்காலில் விட்ட தண்ணி கடைசிப் பாத்திக்கு வந்து சேரவே இல்லை. எங்கே உடைப்பு என்று தேடிப் போனால், குவாரிப் பக்கத்து வரப்புக்கு நாலு முழம் உள்ளே, வரப்போடு வரப்பாக நிலம் நீளமாக வெடித்துக் கிடக்கிறது. அவ்வளவு தண்ணியும் அந்த வெடிப்புக்குள்தான் இறங்கிக் கொண்டிருந்தது. ஆறடிக் குச்சியை விட்டால் குச்சி முழுசும் உள்ளே போகிறது. எல்லையில் நட்டிருந்த வேலிக்கல் மூன்றும் பள்ளத்தை எட்டிப் பார்ப்பது போலச் சாய்ந்து நிற்கிறது.

மனு கொடுத்தோம். ஒரு அதிகாரி வந்தார். ஜீப்பை விட்டு இறங்கியவர் வரப்பு வரைக்கும் வரவில்லை. "பாறைதானேங்க, அது எங்க போகப் போகுது? மேல்மண்ணு வெயிலுக்கு வெடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார்த்திகை மழையில் வெயில் வெடிப்பு! நாம் இந்தப் பிரசுரத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த ஒரு வார்த்தைதான்.

பாறை எங்கே போகும் என்று நமக்கா தெரியாது? தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டியவர்கள் நாம். மேல்மண்ணைச் சரிவாகத்தான் எடுக்க வேண்டும், மொரம்பு வந்தால் கொஞ்சம் நிமிர்த்தலாம், பாறை வந்த பிறகுதான் நேராக இறக்கலாம் என்று எந்த என்ஜினியரும் வந்து நமக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பாறையிலும் ஒரு பக்கம் நிற்கும், எதிர்ப்பக்கம் நிற்காது என்பது வெட்டுகிற ஆளுக்குத் தெரியும். களத்தில் அம்பாரம் குவிக்கிறோம். காய்ந்த நெல் ஒரு சரிவு வரைக்கும் நிற்கும், அதற்கு மேல் ஒரு கூடை கொட்டினாலும் வழிந்து அடிக்கு வந்துவிடும். ஏரிக்கரை போட்டவர்கள் உள்சரிவையும் வெளிச்சரிவையும் எதற்காகப் படுக்க வைத்துக் கட்டினார்கள்? நிரம்பி நிற்கிற மண்கிணற்றை ஒரே மூச்சாக இறைக்காதே, பக்கம் சரியும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஏன் சொன்னார்கள்? வெளியில் இருக்கிற தண்ணி சுவரைத் தாங்கிப் பிடித்திருந்தது. அதைச் சட்டென்று எடுத்துவிட்டால், சுவருக்குள் ஊறி நிற்கிற தண்ணி சுவரை வெளியே தள்ளும். படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கலாம். விஷயம் இதுதான்.

அந்தப் படித்தவர்கள் கணக்கையும் நாம் தெரிந்துகொள்வோம். அது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒரு சரிவுக்குள் இரண்டு சக்தி எப்போதும் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறது. கீழே இழுக்கிற பாரம் ஒன்று, பிடித்து நிறுத்துகிற பலம் ஒன்று. பிடிக்கிற பலத்தை இழுக்கிற பாரத்தால் வகுத்தால் வருகிற எண்ணுக்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். 100 கிலோ பாரத்தை 150 கிலோ தாங்குகிற தாம்புக்கயிற்றில் கட்டினால் காரணி 1.5. பாரமும் பலமும் சரிசமமானால் 1. ஒன்று என்றால் அறுந்து விழ நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் நிரந்தரமாக நிற்க வேண்டிய சரிவுக்கு 1.3, 1.5 என்று கேட்கிறார்கள். ஸ்வீடன் நாட்டில் ரயில் பாதைகளும் துறைமுகக் கரைகளும் சரிந்தபோது, 1920-களிலேயே பேப்பரும் பென்சிலும் வைத்துப் போட்ட கணக்கு இது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் நிமிஷத்தில் வருகிறது. ஆனால் உள்ளே கொடுக்கிற எண் பொய்யாக இருந்தால் வெளியே வருகிற எண்ணும் பொய்தான்.

எங்கே பொய் நுழைகிறது? இரண்டு இடத்தில்.

முதலாவது, பாறையின் பிளவு. கருங்கல் உடையாது, கெட்டி என்கிறார்கள். கல் கெட்டிதான், யார் இல்லை என்றது? பாறை உடைந்து விழுவதில்லை அய்யா, ஏற்கெனவே இருக்கிற பிளவில் வழுக்கி விழுகிறது. மலையில் எந்தப் பாறையைப் பார்த்தாலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு ஓடியிருக்கும். அந்தக் கோடு பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் சுவர் பெரும்பாலும் நிற்கும். பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து, அடியும் வெட்டுப்பட்டுவிட்டால், கூரையில் கட்டாமல் வைத்த ஓடு மாதிரிதான். இரண்டு பிளவு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் ஆப்பு ஆப்பாகக் கழன்று வரும். அதனால் ஒரே குவாரியில் கிழக்குச் சுவர் ஐம்பது வருஷம் நிற்கும், மேற்குச் சுவர் ஒரு மழைக்கு விழும். இதை அறிய வேண்டுமென்றால் ஆள் இறங்கிப் போய், ஒவ்வொரு சுவரிலும் பிளவு எந்தத் திசையில், எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு அளக்க முடியாது. இதில் வெடி வேறு. ஒவ்வொரு வெடிக்கும் இருக்கிற பிளவு இன்னும் வாய் திறக்கிறது.

இரண்டாவது, தண்ணி. சித்திரை மாதம் காய்ந்து கிடக்கும்போது கணக்குப் போட்டால் 1.5 வரும். அதே சுவரை ஐப்பசி கார்த்திகையில் போட்டுப் பாருங்கள். வெடிப்புக்குள் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்றால் அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 டன் அழுத்தம். ஒரு லோடு லாரியின் பாரம் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதோடு பிளவுக்குள் புகுந்த தண்ணி மேல்பாறையைத் தூக்கிக் கொடுப்பதால் உரசிப் பிடிக்கிற பலமும் குறைகிறது. கயிறு நைந்து போகிற அதே நேரத்தில் பாரமும் ஏறுகிறது! நம் உறுப்பினர் தோட்டத்து வாய்க்கால் தண்ணி எங்கே போய் நின்றது என்று இப்போது புரிகிறதா? தண்ணியை நிறுத்தி, வெடிப்பை மண் போட்டு மூடி, மழைத்தண்ணி அந்தப் பக்கம் போகாமல் வரப்பை மாற்றிப் போட்டோம். அது நாம் செய்தது. செய்திருக்க வேண்டியவர் யாரும் வரவில்லை.

சரி, விதி என்ன சொல்கிறது? புதிதாக நாம் ஒன்றும் கேட்கவில்லை. 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகளில் 106-வது விதியிலேயே எழுதி வைத்தார்கள். மண், மொரம்பு, சரளை போன்ற இளகிய நிலமாக இருந்தால் 45 டிகிரிக்கு மேல் நிமிர்த்தி வெட்டக் கூடாது, அல்லது 1.5 மீட்டர் உயரத்துக்கு ஒரு படி விட வேண்டும். கெட்டிப் பாறையாக இருந்தால் ஒரு படியின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரம், தளர்ந்த கல், மண்குவியல் எதுவும் இருக்கக் கூடாது. அடியைக் குடைந்து மேலே தொங்கவிடக் கூடாது. அறுபது வருஷத்துக்கு முந்தின எழுத்து. நம் ஊர்க் குவாரிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய சுரங்கத் திட்டத்திலும் படம் படமாகப் போட்டிருக்கிறார்கள். 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி அத்தனை அழகு! பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர் இடைவெளி என்றும் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் ஒரு படியும் இல்லை. கத்தியால் வெட்டின மாதிரி நெட்டுக்குத்தாக இறங்குகிறது. இடைவெளியைக் கேட்டால், அதைத்தான் இப்போது நம் வரப்பு வரைக்கும் தோண்டித் தின்றிருக்கிறார்கள்.

ஏன் படி விடுவதில்லை என்று கேட்டால் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் காசு இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

5-க்கு 5 என்று படி விட்டால், எத்தனை அடி ஆழம் போகிறோமோ அத்தனை அடி ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளே தள்ளி வர வேண்டும். இரண்டரை ஏக்கர் சதுரமான குவாரி என்று வையுங்கள். ஒரு பக்கம் சுமார் 330 அடி. பட்டா நிலத்துக்கு விட வேண்டிய 7.5 மீட்டர் என்பது 25 அடி, இரண்டு பக்கமும் சேர்த்து 50 அடி. மீதி 280 அடி. இரு பக்கமும் படிப்படியாக உள்ளே வந்தால் 140 அடி ஆழத்தில் இரண்டு பக்கப் படியும் நடுவில் முட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே போக இடமே கிடையாது. எடுக்கிற கல்லோ, தலைகீழாகக் கவிழ்த்த கோபுரம் மாதிரி. அதே 140 அடியை நெட்டுக்குத்தாக வெட்டினால் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மூன்றில் இரண்டு பங்கு கல் படிகளுக்கு அடியில் நின்றுவிடும். யார் விடுவார்கள்?

இதில் நமக்கு ஒரு ஆயுதம் இருக்கிறது. எந்தக் குவாரியாக இருந்தாலும் குறுகின பக்கத்தின் அகலத்தை அடியில் அளந்துகொள்ளுங்கள். அதில் 50-ஐக் கழியுங்கள். மீதியைப் பாதியாக்குங்கள். அதுதான் திட்டத்தில் எழுதியிருக்கிறபடி போகக்கூடிய அதிகபட்ச ஆழம். குவாரி அதற்கு மேல் ஆழம் என்றால், படி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம், இல்லை. எட்டாவது படிக்கிற பையன் போடுகிற கணக்கு இது. இதைப் போட்டுப் பார்க்க அலுவலகத்தில் ஒருவருக்கும் நேரம் இல்லையா?

விளைவு என்ன என்பதையும் இந்த நாடு பார்த்துவிட்டது. திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே 14-ஆம் தேதி இரவு, சுமார் 300 அடிப் பள்ளத்தில் பாறை சரிந்தது. ஆறு பேர் சிக்கினார்கள், நாலு பேர் செத்தார்கள். கடைசி உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மீட்கப் போனவர்கள் மேலும் பாறை சரியுமோ என்று அஞ்சி அஞ்சித்தான் இறங்க வேண்டியிருந்தது. மூன்று வருஷம் போனது. 2025 மே 20-ஆம் தேதி சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மறுபடியும் அதே கதை. ஐந்து பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். செத்தவர்கள் யார்? கூலிக்காரர்கள், நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள். ஜார்க்கண்டில் லால்மட்டியா நிலக்கரிச் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29-ஆம் தேதி மண்மேடு சரிந்து 23 தொழிலாளிகள் புதைந்தார்கள். வெட்டின பள்ளம் மட்டும் அல்ல, வெட்டிக் குவித்த மேடும் சரிவுதான் என்பதை மறக்க வேண்டாம். நம் குவாரியின் கழிவுமண் மேடு ஓடைப் புறம்போக்கில், ஓடைக்கு மேலேயே நிற்கிறது.

ஓடைக்கு மேலே நின்ற மேடு ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். தூரதேசத்துக் கதைதான், ஆனால் மனுக் கொடுத்தவர்களின் கதை. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஆபர்ஃபான் என்று ஒரு ஊர். மலைமேல் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவை ஊற்றுக்கண் இருந்த இடத்திலேயே கொட்டிக் குவித்தார்கள். ஊற்று இருப்பது வரைபடத்திலேயே இருந்தது. கீழே பள்ளிக்கூடம். இந்த மேடு ஆபத்து, பள்ளிக்கூடத்துக்கு மேலே நிற்கிறது என்று உள்ளூர் நிர்வாகம் 1963-லும் 1964-லும் கடிதம் எழுதியது. சுரங்க நிர்வாகம் சட்டை செய்யவில்லை. 1966 அக்டோபர் 21-ஆம் தேதி காலை, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த நேரம், மேடு கூழாகி இறங்கியது. 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். விசாரணை மன்றம் சுரங்க வாரியத்தின் மீது பழியைச் சுமத்தியது. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. மிச்சமிருந்த மேடுகளை அகற்ற, செத்த குழந்தைகளுக்காக ஊர் உலகம் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு பிடுங்கிக் கொண்டார்கள். 1997-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். பணக்கார நாட்டிலேயே அப்படி.

முடியாது என்பதும் பொய். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பிங்காம் கேன்யன் என்று ஒரு செம்புச் சுரங்கம். 2013 ஏப்ரல் 10-ஆம் தேதி அங்கே கோடிக்கணக்கான டன் பாறை ஒரே ராத்திரியில் இறங்கியது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம், சுவர் நகர்வதை மாதக்கணக்கில் கருவி வைத்து அளந்துகொண்டே இருந்தார்கள். வேகம் கூடியதும் ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். சுவர் பெரும்பாலும் சொல்லாமல் விழாது. முதலில் மேலே வெடிப்பு, பிறகு கம்பம் சாயும், அடியில் சின்னச் சின்னக் கல் உதிரும், கசிவுத் தண்ணி கலங்கி வரும். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ரேடார் வாங்கி வை என்று நாம் கேட்கவில்லை. வெடிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு முளைக்குச்சி, இந்தப் பக்கம் ஒரு முளைக்குச்சி அடித்து, இரண்டுக்கும் நடுவில் டேப் பிடித்து அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். சங்கத்தின் சார்பில் ஐந்து இடத்தில் அடித்திருக்கிறோம். தை மாதம் தொடங்கி அளந்ததில் இரண்டு இடத்தில் இடைவெளி கூடிக்கொண்டே வருகிறது. அந்த நோட்டைத்தான் மனுவோடு நகல் எடுத்து வைத்தோம். "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வந்தது. எங்கே அனுப்பினார்கள் என்று அதற்கு ஒரு மனு போட வேண்டும் போலிருக்கிறது!

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம், நம் ஆட்களுக்குள்ளேயே இதில் முணுமுணுப்பு உண்டு. குவாரிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் நம் பங்காளிதான். டிப்பர் ஓட்டுகிறவன் நம் மாப்பிள்ளை, மச்சான்தான். கல் இல்லாமல் ரோடு இல்லை, நாம் கட்டுகிற வீட்டுக்கும் ஜல்லி அங்கிருந்துதான் வருகிறது. குவாரியை இழுத்து மூடு என்று இந்தச் சங்கம் சொல்லவில்லை. சொல்லப் போனால் அப்படியே கைவிட்டுப் போவது இன்னும் மோசம். வேலி இல்லாத பள்ளத்தில் தண்ணி நிற்கும், ஆடு மாடு விழும், பிள்ளைகள் குளிக்கப் போகும், சுவர் மட்டும் அப்படியே நம் வரப்புக்கு அடியில் அரித்துக்கொண்டிருக்கும். நாம் மட்டும் யோக்கியமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். செங்கல் சூளைக்கு மண் விற்றவர்கள் பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை ஒட்டி ஜேசிபியால் ஆளுயரத்துக்கு நேராக வெட்டவிட்டதும் இதே ஊரில்தான் நடந்தது.

நாம் கேட்பது, கணக்கை ஊரறியப் போடு என்பது. 30 மீட்டருக்குக் கீழே போகிற குவாரிகளுக்குத் தகுதியான நிறுவனத்தைக் கொண்டு சரிவு உறுதி ஆய்வு செய்ய வேண்டும் என்று சுற்றுச்சூழல் அனுமதிகளில் நிபந்தனை போடுகிறார்கள். நல்லது. அந்த ஆய்வைக் கோடையில் செய்து முடித்துவிடாமல் மழைக்காலத்துத் தண்ணி மட்டத்தை வைத்துச் செய்யட்டும். நாலு சுவருக்கும் தனித்தனியாகக் காரணி என்ன என்று சொல்லட்டும். அறிக்கையைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றியதாகக் குவாரிக்காரர் கொடுக்க வேண்டிய அறிக்கையும் அதன் பக்கத்தில் இருக்கட்டும். கனிமவளத் துறையும் வருவாய்த் துறையும் நம்மையும் வைத்துக்கொண்டு சேர்ந்து அளக்கட்டும். அதுவரைக்கும் வெடித்து நிற்கிற அந்தச் சுவரில் வெடி வைக்கக் கூடாது, அதற்கு அடியில் ஒரு ஆளும் வேலைக்கு நிற்கக் கூடாது. தின்ற இடைவெளியை அடியிலிருந்து கல்லும் மண்ணும் முட்டுக்கொடுத்து நிரப்பித் தர வேண்டும். சரிவின் அடியில் பாரம் வைப்பதுதான் பலம், மேலே கொட்டினால் அது இன்னும் இழுக்கும். இதையும் நாமேதான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. தோட்டக்காரருக்கு நட்ட ஈடு பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் காலை 9 மணிக்கே ஊராட்சி அலுவலகத்து வேப்பமரத்தடிக்கு வந்துவிடுங்கள், வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம். பெண்களும் அவசியம் வர வேண்டும், ஆடு மேய்க்கப் போகிறவர்கள்தான் குவாரி விளிம்பை நித்தம் பார்க்கிறவர்கள். கூட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால் அங்கேயே உட்காருவது என்று சங்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கு முன்னால், குவாரி ஓரத்தில் காடு தோட்டம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் வரப்பை நடந்து பாருங்கள். வெடிப்பு இருந்தால் விளிம்புக்குப் போகாமல் இந்தப் பக்கமே நின்று முளை அடியுங்கள். 100 அடி டேப் சங்க அலுவலகத்தில் இரண்டு இருக்கிறது, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம்.